ஓர் எண்ணுக்கு ஒரு பெயர்

மோடத்தின் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்து, கொஞ்சம் துடித்து, அணைந்தன. ஹம்சினி தொலைபேசியைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது மணி அடிக்க வேண்டும். அவள் வேலை பார்க்கும் தி. நகர் அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்ப் பெட்டி அவளுடைய பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு தொடர்பைத் துண்டித்துவிட்டது. இனி அதுவே இந்த வீட்டைத் திரும்பக் கூப்பிடும். தொட்டிலில் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. மாமியார் கனகவல்லி கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள். பிரசவத்துக்காக அசோக் நகரில் அம்மா வீட்டில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, முந்தின நாள்தான் ஹம்சினி மயிலாப்பூருக்குத் திரும்பியிருந்தாள். துணிப்பெட்டியைத் திறக்கும் முன்பே கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்த மருமகளை மாமியார் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது.

மணி அடிக்கவில்லை. மறுபடி முயன்றாள். இந்த முறை திரையைக் கவனித்தாள். தொடர்பு அறுவதற்கு முன் ஒரு வரி வந்து போயிற்று: அனுமதி இல்லை. அந்த வார்த்தைகளை அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

முதலில் வந்தது கோபம், அதுவும் வேலை தெரிந்தவளின் கோபம். எந்த மடையன் என் கேட்வேயைக் கெடுத்தது? மூன்று மாதம் நகர்ந்தால் போதும், குரங்கு கைப் பூமாலைதான். கேட்வே என்கிற அந்த வாசல்காப்புப் பெட்டியை அவள் எப்படிக் கட்டினாள் என்பது அவளுக்கல்லவா தெரியும்.

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் வருஷம் தெரியாமல் குழம்பிவிடும் என்று அமெரிக்கா அலறிக்கொண்டிருந்த சமயம் அது. பாண்டி பஜாருக்குப் பின்னால், புடவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த அவர்கள் கம்பெனிக்கும் அந்த அலறலில் ஒரு பங்கு கிடைத்தது. ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ்காரன் தன் பழைய புரோகிராம்களைத் திருத்தித் தரச் சொன்னான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். வெளியிலிருந்து உங்கள் சர்வருக்குள் யார் நுழைகிறார்கள் என்று உங்களுக்கே தெரியாதென்றால் எங்கள் சரக்கை உங்களிடம் தரமுடியாது. அவன் சொன்னதில் தப்பில்லை. அதுவரை சர்வரின் முதுகில் நேராக ஒரு மோடத்தைச் சொருகியிருந்தார்கள். எண் தெரிந்தவன் எவனும் வந்து கதவைத் தட்டலாம்.

நிர்வாகி வேம்பு, ஹம்சினியைத்தான் கூப்பிட்டார். சர்வர்களைப் பார்த்துக்கொள்ள அந்தக் கம்பெனியில் இருந்தது அவள் ஒருத்திதான். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். "இத மட்டும் முடிச்சுக் கொடும்மா. பிரசவம் ஆனப்பறம் ஒரு வருஷம் நீ ஆத்துலேர்ந்தே வேலை பாரு. கேட்வேல முதல் கனெக்‌ஷன் உனக்குத்தான்" என்றார். அந்த ஒரு வாக்கை வைத்துத்தான் அவள் மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டாள். மாமியாருக்கு மூட்டு வலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று முன்பே சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அப்பாவைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தால் வேலை உண்டு, முடியாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கழித்துக்கட்டி மூலையில் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்தாள். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து லினக்ஸை ஏற்றினாள். ஏ.சி. குளிரில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கேபிள்களைப் பொருத்தினாள். இனி வெளியிலிருந்து வரும் அழைப்பு எதுவும் சர்வரைத் தொடாது, இந்தப் பெட்டியில்தான் வந்து விழும். பெட்டி பெயரைக் கேட்கும், கடவுச்சொல்லைக் கேட்கும், இரண்டும் சரியாக இருந்தாலும் நம்பாது. போனை வைத்துவிட்டு, அந்தப் பெயருக்கு எதிரே பதிந்திருக்கும் வீட்டு எண்ணுக்குத் தானே கூப்பிடும். அங்கே மோடம் எடுத்தால்தான் உள்ளே விடும். வரன் வீட்டார் தரும் விலாசத்தை நம்பாமல், அந்தத் தெருவுக்கே ஆளனுப்பி விசாரிக்கிற பெண் வீட்டாரின் புத்தி அதற்கு. மூன்று முறை கூப்பிட்டும் மோடம் எடுக்காவிட்டால் அந்த எண்ணையே பூட்டிவிடும். பூட்டியதைத் திறக்க, ஆள் நேரில் வந்து அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி எழுதினாள். ஓர் எண்ணுக்கு ஒரு பெயர்தான். ஒரே எண்ணிலிருந்து இரண்டு பேர் வந்தால், நேற்று வந்தது யார் என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வது? கேட்டால் ஒரே ஒரு பெயர்தான் வர வேண்டும். எழுதும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆளுக்கொரு போன் வைத்துக்கொள்ளும் ஊருக்குப் பொருத்தமான விதி. மாமியார், கணவன், கல்யாணமாகாத மைத்துனன் என்று வீட்டுக்கே ஒரு போன் வைத்திருக்கும் மயிலாப்பூர் மருமகள் எழுதியிருக்கக் கூடாத விதி. அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கணவன் பரத்வாஜும் அதே கம்பெனிதான், ஆனால் அவன் ஏதோ ஒரு பாங்க் வேலையில் இருந்தான். அவனுக்கும் கேட்வேக்கும் சம்பந்தமே இல்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வேம்புவே எடுத்தார்.

"சார், கேட்வேல என் பேர் இல்லை. யாரோ எடுத்திருக்கா."

"அடடே, ஹம்சினியா? குழந்தை நன்னா இருக்கா? யாரோ எல்லாம் இல்லேம்மா, நான்தான் மாத்தச் சொன்னேன். இன்ஷூரன்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு இப்ப பரத்வாஜ்தானே லீட்? அமெரிக்காக்காரன் கூப்பிடற நேரத்துக்கு அவன் ஆத்துலேர்ந்து பாத்தாகணும். அதான் உங்காத்து நம்பர்ல அவன் பேரைப் போட்டாச்சு."

"என் பேரும் கூடவே இருக்கட்டுமே சார்."

"அதெப்படிம்மா? ஒரு நம்பருக்கு ஒரு பேர்தான்னு நீதானே எழுதி வெச்சிருக்கே. அமெரிக்காக்காரன் அனுப்பின ஆடிட்டர் அந்த ஒரு வரியைத்தான் ரொம்ப மெச்சினான். அதுல கை வெச்சா கான்ட்ராக்ட்டே போயிடும்." வேம்பு சிரித்தார். "ஒரு ஆத்துக்கு ஒருத்தர் போறாதா?"

இன்னொரு போன் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். தாராளமாக வாங்கிக்கோ, ஆனால் கம்பெனி ஒரு வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷனுக்குத்தான் பணம் கட்டும், அதுவும் உங்கள் பக்கத்தில் புதுப் போனுக்குக் கேபிள் எப்போது வருமோ என்றார். போனை வைத்த பிறகும் அவர் சிரிப்பு காதிலேயே இருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது வெயில் புழுக்கம் என்று ஒரு காரணம் இருக்கிறது.

ஆனால் வேம்பு செய்தது பெரிதில்லை. வேம்பு முதலாளியின் ஆள், அப்படித்தான் செய்வார். பரத் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அசோக் நகருக்கு வந்தான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான், குழந்தையின் விரல்களை எண்ணிச் சிரித்தான், ஆபீஸில் புதுக் காபி மெஷின் வந்திருப்பதைச் சொன்னான். இதைச் சொல்லவில்லை. 

சாயங்காலம் அவன் வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள். மாமியார் காதில் விழாமல், கதவைச் சாத்திக்கொண்டு. மாமியார் எதிரில் அவனை 'நீங்க' என்பாள். இருவருமாக இருக்கும்போது, அலுவலகத்தில் பழகிய 'நீ'தான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் ஹம்சி. நீயே தூக்கமில்லாம அல்லாடிண்டிருந்தே. எதுக்கு உன்னைக் கஷ்டப்படுத்தணும்னு..."

"உன் பேரை எடுக்கச் சொல்லு. உன்னால ஆபீசுக்குப் போக முடியும். ராத்திரி அங்கயே இருந்து பாரு. என்னால முடியாது பரத்."

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தான். பிறகு, ஏதோ பெரிய மனது பண்ணுகிறவன் போல, "ஏன் இவ்ளோ சீரியஸா எடுத்துக்கறே? என் பாஸ்வேர்டை உனக்குத் தரேன். பகல்ல நீ என் பேர்ல உள்ள போ, என்ன வேணா பண்ணு. யாருக்குத் தெரியப்போறது?" என்றான்.

யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் உண்மை. பெட்டி இந்த வீட்டைக் கூப்பிடும், இந்த வீட்டு மோடம் எடுக்கும், வந்தது பரத்வாஜ் என்று எழுதிக்கொள்ளும். விலாசத்தை விசாரிக்கக் கற்றுக்கொடுத்தவள், விலாசத்தில் இருக்கும் ஆளை விசாரிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கடவுச்சொல்லை அடுத்தவருக்குக் கொடுப்பவர் அன்றே வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்றும் அவளே எழுதியிருந்தாள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை இல்லாத பகல்களை அசோக் நகரில் போதுமான அளவு பார்த்துவிட்டாள். மறுநாள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, பரத்வாஜ் என்று டைப் செய்தாள். மணி அடித்தது, மோடம் எடுத்தது, அவளுடைய சர்வர் திறந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவள் கேட்வேயை மட்டுமா பார்த்தாள்? பரத் சாயங்காலம் வந்து, இந்தப் புரோகிராம் பிப்ரவரியில் தடுக்கி விழுகிறது, அந்த ரிப்போர்ட் காலியாக வருகிறது என்று புலம்புவான். மறுநாள் மத்தியானத்துக்குள் அவள் திருத்தி வைத்திருப்பாள். அவன் அதை அமெரிக்காவுக்கு அனுப்புவான். 'அருமை பரத்' என்று பதில் வரும். அதை அவளிடம் காட்டவும் செய்தான், பாவம், அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து. மாமியார் ஒருநாள் மத்தியானம் எட்டிப் பார்த்து, "அவன் கம்ப்யூட்டரைப் போட்டு நோண்டாதேடி. ராப்பகலா கண்ணு முழிச்சு வேலை பண்றான், ஏதாவது ஆயிடுத்துன்னா?" என்றாள். ஹம்சினி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் போன பிறகு மறுபடி விசைப்பலகையில் வைத்தாள்.

வீட்டுக்கும் ஒரு சட்டம் வந்தது. விளக்கு வைத்த பிறகு கூடத்துப் போனை யாரும் எடுக்கக் கூடாது. கூடத்துப் போனும் உள்ளறை மோடமும் ஒரே லைன். பெட்டி கூப்பிடும்போது கூடத்தில் யாராவது முந்திக்கொண்டால் மோடம் ஏமாந்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த பட்டினப்பாக்கத்து முத்தம்மாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தவள், மணி அடித்ததும் எடுத்துவிட்டாள்.

"இன்னாமா இது? அலோ அலோன்னு நானும் கத்துறேன், பதிலே பேசாம கூ, கூன்னு கூவிக்கினே கீது. ஆருமா அது?"

ஹம்சினி வாங்கிக் காதில் வைத்தாள். நீண்ட இடைவெளி விட்டு விட்டு ஒரு சின்னக் கூவல். அந்தப் பக்கத்து மோடம், இந்தப் பக்கம் இன்னொரு மோடம் இருக்கிறதா என்று விசாரிக்கும் ஒலி. மனுஷக் குரல் எதுவும் அதற்குப் புரியாது. ஏழு மாத வயிற்றோடு தரையில் உட்கார்ந்து அந்தக் கூவலை எத்தனை தடவை கேட்டிருப்பாள்! கூட்டத்தில் தன் குழந்தை அழுதால் தெரிவது போல அது அவளுக்குத் தெரிந்தது. "எனக்கில்லை முத்தம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள். பெட்டி மறுபடி கூப்பிட்டது, இந்த முறை உள்ளே மோடம் எடுத்துக்கொண்டது.

விடுமுறை முடிந்து, அதற்கு மேல் போட்ட சம்பளமில்லா விடுமுறையும் முடிந்தபோது வேம்பு கூப்பிட்டார். மாலைக்குள் பேசிவிட வேண்டும் என்ற அவசரம் குரலிலேயே இருந்தது.

"ஒண்ணாம் தேதிலேர்ந்து ஆபீசுக்கு வந்துடறியாம்மா? முடியலேன்னா ராஜினாமா பண்ணிடு, தப்பா எடுத்துக்காதே. சும்மா பேரை வெச்சிண்டிருக்க முடியாது பாரு. கேட்வேயையும் பரத்வாஜே பாத்துக்கறான். நீ இல்லாமலே இத்தன நாள் ஒரு பிரச்சினையும் இல்லை."

அது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? கடவுச்சொல்லைக் கொடுத்தவனுக்கும் வேலை போகும், வாங்கியவளுக்கும் போகும். விதி அவள் எழுதியதுதான், அதில் ஓட்டை எதுவும் வைக்கவில்லை. கட்டுகிற கொத்தனார்கூடத் தனக்கென்று ஒரு பின்வாசல் வைத்திருப்பார் என்பார்கள். அவள் வைக்கவில்லை. அதையும் அப்போது நேர்மை என்றுதான் நினைத்தாள்.

அன்றைக்குப் பரத்திடம் கடைசியாக ஒருமுறை கேட்டாள். "பகல்ல பண்றதெல்லாம் நான்தான்னு நீ வேம்புகிட்ட சொல்லு. வேற யார் சொன்னாலும் எடுபடாது."

"சொன்னா ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும் ஹம்சி." அவன் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஒளித்து வைக்கமுடியாத ஒரு வெளிச்சம் இருந்தது. "உன்கிட்ட இன்னும் சொல்லலை. புதன்கிழமை ஆத்துலேர்ந்தே அமெரிக்காக்காராளுக்கு முழு டெமோ காட்டணும். அது நல்லபடியா முடிஞ்சா என்னை அங்கயே கூப்பிட்டுக்கறா. ரெண்டு வருஷம். அப்பறம் நீயும் குழந்தையும் டிபெண்டென்ட் விசால வந்துடலாம். அங்க வந்தா நீ வேலைக்கே போக வேண்டாம்."

அந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. முடியாது என்பதைத்தான் அவன் வேண்டாம் என்று அழகாகச் சொன்னான். அவள் கையை உருவிக்கொண்டாள். குழந்தை அழுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். குழந்தை அழவில்லை.

புதன்கிழமை அவன் சீக்கிரம் வந்தான். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். போன் கம்பி வழியாகச் சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்? கனகவல்லி நெற்றியில் விபூதி இட்டுவிட்டாள். சாப்பாட்டு மேஜையில், தண்ணீர்ச் சொம்புக்கு அடியில், ஹம்சினியின் ராஜினாமாக் கடிதம் இருந்தது. பரத்தே டைப் செய்து கொண்டுவந்துவிட்டான், கையெழுத்துதான் பாக்கி. அவளுக்குச் சிரமம் வைக்கக் கூடாதாம்.

"ஏதாவது தகராறு பண்ணித்துன்னா உன்னைக் கூப்பிடறேன், பக்கத்துலயே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். இன்று அவன் காட்டப்போகும் புரோகிராம்களில் எது எங்கே தடுக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தடுக்காது. அவள் திருத்தியது.

மாமியார் பூஜையறையில் விளக்கை ஏற்றிவிட்டு முணுமுணுப்பாகச் சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹம்சினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். உள்ளே மோடம் டயல் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு இரைச்சல். பிறகு அமைதி. பெட்டி பெயரைக் கேட்கிறது. கடவுச்சொல்லைக் கேட்கிறது. இதோ, போனை வைத்துவிட்டது. அவள் எதையும் முடிவு செய்யவில்லை. போனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மணி அடித்தது. இரண்டாவது மணிக்குத்தான் மோடம் எடுக்கும். முதல் மணி முடிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

கூ.

இடைவெளி. கூ. இருக்கிறாயா, இருக்கிறாயா என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் பேசாமல் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். இருக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது போனை வைத்தது. அவளும் வைத்தாள்.

"ஹம்சி! யாரு போனை எடுத்தா?" உள்ளிருந்து பரத்.

"ராங் நம்பர்."

"எடுக்காதே! அது எனக்கு வர கால். மறுபடி அதுவே கூப்பிடும், விடு."

மறுபடி கூப்பிட்டது. எடுத்தாள். குழந்தை சுருள் ஒயரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோயிற்று. சுலோகம் நின்றது. "எடுக்காதேன்னு சொல்லியிருக்கானோல்லியோ?" என்று மாமியாரின் குரல் வந்தது. அந்தப் பக்கம், ஏ.சி. குளிரில், ஆளில்லாத அறையில் இருந்து அது பொறுமையாகக் கூவிக் கூவிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. மூன்று முறைதான் என்பது பரத்துக்குத் தெரியாது. அவள் எழுதிய விதிகளில் தனக்குத் தேவைப்பட்ட ஒன்றை மட்டும்தான் அவன் படித்திருந்தான். பூட்டிக்கொண்டால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, லஸ்ஸையும் தேனாம்பேட்டையையும் தாண்டி, புடவைக் கடைக் கூட்டத்தில் புகுந்து இரண்டு மாடி ஏற வேண்டும். ஏறினாலும் திறக்கும் முறை அவனுக்குத் தெரியாது. அதற்குள் அமெரிக்காவில் கோட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

உள்ளறையில் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. "ஹம்சினி!" என்றான் பரத், முழுப் பெயரைச் சொல்லி. கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அவள் போனை அதன் இடத்தில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. குழந்தை ஒயரை விடாமல், ஈரமான வாயோடு அவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. உள்ளறைத் தாழ்ப்பாள் விலகியது. அவள் உள்ளங்கைக்குக் கீழே மூன்றாவது முறையாகப் போன் அதிர்ந்தது.